555 புத்தகம் முதல் கைப்பேசி வரை: விற்பனைப் பேச்சைத் திருத்த வந்த இயந்திரம்

ஜொகூர் பாருவிலிருந்து வடக்கே, கூலாயைத் தாண்டிப் பயணம் செய்கிறவர்களுக்குச் செடெனாக் என்ற பெயர் புதிதல்ல. செம்பனை மரங்கள் வரிசை கட்டி நின்ற இடம் அது. இன்று அங்கே வரிசை கட்டி நிற்பவை கணினிகள்! பெரிய பெரிய கட்டடங்களுக்குள், குளிரூட்டப்பட்ட கூடங்களில், இரவு பகல் ஓயாமல் இயங்கும் கணினிகள். 'தரவு மையம்' என்று அவற்றுக்குப் பெயர். ஜொகூர் கார்ப்பரேஷன் குழுமம் உருவாக்கிய செடெனாக் தொழில்நுட்பப் பூங்காவில் யோண்டர், பிரின்ஸ்டன் டிஜிட்டல் குரூப் போன்ற பன்னாட்டு நிறுவனங்கள் இடம் பிடித்திருக்கின்றன. பிரின்ஸ்டன் டிஜிட்டல் வளாகத்துக்கு மட்டும் திட்டமிடப்பட்ட மின்திறன் 150 மெகாவாட்.

பக்கத்துக் கூலாயிலும் இதே கதைதான். 664 ஹெக்டர் பரப்புள்ள கூலாய் யங் தோட்டத்தை 2021-இல் ஒய்.டி.எல். பவர் நிறுவனம் வாங்கியது. தோட்டம் இருந்த மண்ணில் தரவு மையப் பூங்கா எழுந்தது. 2023 டிசம்பரில், என்விடியா நிறுவனத்துடன் சேர்ந்து செயற்கை நுண்ணறிவுக் கட்டமைப்பை நிறுவப் போவதாக ஒய்.டி.எல். அறிவித்தது. அறிவித்த முதலீடு 430 கோடி அமெரிக்க டாலர். 2025 ஜனவரியில் மலேசியாவும் சிங்கப்பூரும் கையெழுத்திட்ட ஜொகூர் - சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டலத்திலும் செடெனாக் ஒரு முக்கியப் பகுதி.

இவையெல்லாம் பெரிய எண்கள், பெரிய நிறுவனங்கள். ஆனால் இந்த மண்ணில் தாத்தா பால் மரம் சீவினார், பாட்டி செம்பனைப் பழம் பொறுக்கினார் என்று சொல்லக்கூடிய குடும்பங்களுக்கு இந்த இயந்திரங்களால் என்ன பயன்? தோட்டத்து லயத்தை விட்டு நகரத்து அடுக்குமாடிக்கு வந்து, முறுக்கும் சேலையும் மாலையும் கைப்பேசி வழியே விற்றுப் பிழைக்கும் ஒரு பெண்மணிக்கு என்ன பயன்?

ஒரு பயன் உண்டு. பார்வைக்குச் சிறியது, ஆனால் சோறு போடக்கூடியது. வாடிக்கையாளரிடம் தான் எப்படிப் பேசினோம், எங்கே தவறினோம் என்பதைச் செயற்கை நுண்ணறிவிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது. இதைப் 'பின்னூட்டம்' என்கிறார்கள். சொல் புதிது. விஷயம் மிகப் பழையது. எவ்வளவு பழையது என்பதைச் சற்றே பின்னோக்கிப் பார்த்தால், இந்தப் புதுக் கருவியை எப்படிப் பிடிக்க வேண்டும் என்பதும் விளங்கிவிடும்.

பேச்சே மூலதனம்

தமிழனுக்கு வியாபாரமும் பேச்சும் இன்று நேற்று வந்தவை அல்ல. சொல்வன்மைக்கென்றே திருக்குறளில் ஒரு தனி அதிகாரம் இருக்கிறது, 65-ஆம் அதிகாரம். காவிரிப்பூம்பட்டினத்து வணிகர்களின் நேர்மையைப் பட்டினப்பாலை பாராட்டுகிறது. பேச்சுத் திறனும் வேண்டும், நடுவுநிலையும் வேண்டும் என்று இரண்டையும் சேர்த்தே நம் முன்னோர் பார்த்தார்கள். ஒன்று இருந்து மற்றொன்று இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதைப் பின்னால் பார்ப்போம்.

மலாயாவுக்கும் பர்மாவுக்கும் கடல் கடந்து போன நாட்டுக்கோட்டை நகரத்தாரின் தொழிற்பயிற்சியை எடுத்துக்கொள்ளுங்கள். கிட்டங்கியில் கணக்குப் பெட்டியின் பக்கத்தில் ஒரு சிறுவனை உட்கார வைப்பார்கள். ஏவின வேலையைச் செய்ய வேண்டும். பெரியவர் பேசுவதைக் கேட்க வேண்டும். கடன் கேட்டு வந்தவரிடம் மேலாள் என்ன கேட்டார், எதைக் கேட்காமல் விட்டார், எந்த இடத்தில் சிரித்தார், எந்த இடத்தில் மௌனமானார் என்று பையன் பார்த்துக்கொண்டே இருப்பான். பிறகு அவனே பேசும் காலம் வரும். அப்போது பெரியவர் கேட்பார், தவறினால் திருத்துவார். பள்ளிக்கூடமும் இல்லை, பாடப் புத்தகமும் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து கேட்கும் ஒரு காது மட்டும் இருந்தது. அந்தக் காதுதான் பின்னூட்டம்.

தோட்டப்புறத்து நிலை வேறு. ஜொகூர் வழியாக ரயில் பாதை 1909-இல் முழுமையடைந்தது. அதை ஒட்டி ரப்பர்த் தோட்டங்கள் பெருகின. 1907-இல் அமைந்த தமிழ்க் குடியேற்ற நிதியின் உதவியோடும், கங்காணிமார் மூலமாகவும் தமிழர்கள் பெருந்திரளாக வந்தார்கள். உடலுழைப்புத் தொழிலாளர்கள் இங்கு வருவதை 1938-இல் இந்திய அரசு தடை செய்யும் வரை அந்த வரவு நீடித்தது. இவர்களுக்கு அரிசி பருப்பு விற்றவர்கள் தோட்டத்துக் கடைக்காரர்கள். சம்பள நாள் வரை கடன். '555' என்று அட்டையில் அச்சிட்ட சட்டைப்பை அளவுச் சிறு புத்தகத்தில் கணக்கு. மலேசியாவில் இன்றைக்கும் கடன் கணக்குக்கு அந்தப் புத்தகத்தின் பெயரே பெயராக நிற்கிறது!

அந்தக் கடைக்காரரும், சைக்கிளில் துணி மூட்டை கட்டிக்கொண்டு லயத்துக்கு லயம் போன தவணை வியாபாரியும் பேச்சை எப்படித் திருத்திக்கொண்டார்கள்? எதிரில் இருந்த முகத்தைப் பார்த்துத்தான். விலையைச் சொன்னதும் அம்மாவின் கை சேலையை விட்டு விலகுகிறதா, இன்னும் ஒருமுறை கரையைத் தடவிப் பார்க்கிறதா என்பது போதும். அடுத்த சொல் என்ன என்று வியாபாரிக்குத் தெரிந்துவிடும். முகமே அவருக்குப் பள்ளிக்கூடம்.

பேச்சை எழுதி வைத்த அமெரிக்கர்

முகத்தைப் பார்த்துக் கற்பதில் ஒரு குறை உண்டு. கற்றது அந்த ஒருவரோடு போய்விடும். கெட்டிக்கார வியாபாரியின் வித்தை அவர் மகனுக்கே முழுதாக வருவதில்லை. இந்தக் குறையைத் தீர்க்க முனைந்தவர்களில் முன்னோடி அமெரிக்காவின் டேட்டன் நகரில் பணப்பதிவு இயந்திரம் தயாரித்த ஜான் பேட்டர்சன். அவருடைய நேஷனல் கேஷ் ரெஜிஸ்டர் நிறுவனத்தில் மிக அதிகமாக விற்றவர் என்ன பேசுகிறார் என்பதை வரிக்கு வரி எழுதி, 1887-இல் ஒரு சிறு கையேடாக்கினார்கள். மற்ற விற்பனையாளர்கள் அதை மனப்பாடம் செய்தார்கள். 1893-இல் விற்பனையாளர்களுக்கென்றே ஒரு பயிற்சிப் பள்ளியும் தொடங்கப்பட்டது.

திறமைசாலியின் பேச்சைப் பிறருக்கும் கொடுக்கலாம் என்று உலகுக்குக் காட்டியது அந்தக் கையேடு. ஆனால் மனப்பாடம் செய்த பேச்சு கிளிப்பிள்ளைப் பேச்சு. எதிரில் இருப்பவர் வேறு ஏதோ கேட்டால் கிளி திணறும் அல்லவா?

அடுத்த பெரிய திருப்பம் நூறு ஆண்டுகள் கழித்து வந்தது. பிரிட்டனின் நீல் ராக்கம் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 12 ஆண்டுகளில் சுமார் 35,000 விற்பனைச் சந்திப்புகளை ஆராய்ந்தார்கள். 1988-இல் முடிவுகள் நூலாக வந்தன. பெரிய விற்பனைகளில் வெற்றி பெற்றவர்கள் வாய் ஓயாமல் பேசியவர்கள் அல்லர். நல்ல கேள்வி கேட்டவர்கள். "இப்போதே முடிவு செய்யுங்கள்" என்று நெருக்கும் உத்திகள் பெரிய விற்பனையில் பலன் தரவில்லை, கெடுக்கவும் செய்தன. பேசிப் பேசி விற்பவனே சமர்த்தன் என்ற நம்பிக்கைக்கு விழுந்த அடி அது.

முகம் மறைந்த வியாபாரம்

இனி நம் காலத்துக்கு வருவோம். 2009-இல் தொடங்கிய வாட்ஸ்அப், மலேசியத் தமிழர் வாயில் 'புலனம்' ஆயிற்று. 2018 ஜனவரியில் சிறு வியாபாரிகளுக்கென்றே அதன் வணிகச் செயலி வெளிவந்தது. 2020 மார்ச் 18-ஆம் தேதி மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அமலுக்கு வந்தபோது கடைகளின் கதவு மூடியது. கைப்பேசியின் கதவு திறந்தது. வேலை இழந்தவர்களும் வீட்டிலிருந்தவர்களும் சமைத்ததை, தைத்ததை, வாங்கி வைத்ததைப் படம் பிடித்துப் போட்டார்கள். படத்தின் கீழே ஒரு வரி: "விலைக்கு பி.எம். செய்யவும்." தனிச்செய்தியில் வந்து கேளுங்கள் என்று பொருள்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இணையத்தில் விற்பவர் முழு விலையை வெளிப்படையாகக் காட்ட வேண்டும் என்பது 2013 ஜூலை முதல் மலேசியாவில் அமலில் இருக்கும் சட்டக் கடமை. விலையை மறைத்து "பி.எம். செய்யவும்" என்பது பலர் செய்வதாலேயே சரியாகிவிடாது. பேச்சைத் திருத்துவதற்கு முன் திருத்த வேண்டிய முதல் வரி அதுதான்.

தனிச்செய்தி வியாபாரத்தில் ஓர் இழப்பும் ஒரு லாபமும் உண்டு. இழப்பு: முகம் மறைந்துவிட்டது. கை சேலையை விட்டு விலகியதா என்று தெரியாது. இரண்டு நீலக் குறி விழும். அதற்குப் பிறகு மௌனம். ஏன் போனார் என்று விற்றவருக்கு விளங்காது. லாபம்: பேசிய ஒவ்வொரு சொல்லும் எழுத்தில் பதிவாகிவிட்டது. தவணை வியாபாரியின் பேச்சு காற்றோடு போயிற்று. இன்றைய வியாபாரியின் பேச்சு அப்படியே இருக்கிறது. திரும்பப் படிக்கலாம், பிறரிடம் காட்டிக் கேட்கலாம். கேட்பதற்குத்தான் ஆள் இல்லாமல் இருந்தது. கிட்டங்கிப் பெரியவரின் இடம் காலியாக இருந்தது. அந்தக் காலி இடத்தில் வந்து உட்கார்ந்ததுதான் செயற்கை நுண்ணறிவு.

இயந்திரத்தின் காது

இதில் தமிழ்நாட்டுக்கும் பங்கு உண்டு. 2008-இல் சென்னை ஐ.ஐ.டி.யில் உமேஷ் சச்தேவ், ரவி சராவகி இருவரும் தொடங்கிய யூனிஃபோர் நிறுவனம், மனிதப் பேச்சைக் கணினிக்குப் புரிய வைக்கும் தொழிலில் வளர்ந்தது. வாடிக்கையாளரோடு ஊழியர் பேசிக்கொண்டிருக்கும்போதே அவருக்கு வழிகாட்டும் மென்பொருள்களை அது உருவாக்கியது. 2022-இல் 40 கோடி அமெரிக்க டாலர் முதலீட்டைத் திரட்டியது. பெரிய நிறுவனங்களுக்கு மட்டுமே எட்டிய அந்த வசதி, 2022 நவம்பர் 30-இல் சாட்ஜிபிடி வெளியான பிறகு கைப்பேசி வைத்திருக்கும் எவருக்கும் எட்டியது.

பலன் உண்டா? ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள். எரிக் பிரின்யால்ஃப்சன், டேனியல் லீ, லிண்ட்சி ரேமண்ட் ஆகிய மூவர் 2023-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று. ஒரு மென்பொருள் நிறுவனத்தில் எழுத்து உரையாடல் வழியே வாடிக்கையாளருக்கு உதவும் 5,000-க்கும் மேற்பட்ட ஊழியர்களின் வேலையை அவர்கள் ஆராய்ந்தார்கள். அது விற்பனை அல்ல, உதவி மையம். ஆனாலும் தனிச்செய்திப் பேச்சுக்கு மிக நெருங்கிய உறவு. திறமையான ஊழியர்களின் உரையாடல்களிலிருந்து கற்ற இயந்திரம் மற்றவர்களுக்குப் பதில் எழுத யோசனை சொன்னது. ஒரு மணி நேரத்தில் தீர்த்து வைத்த பிரச்சினைகள் சராசரியாக 14 விழுக்காடு கூடின. புதியவர்களுக்கும் திறன் குறைந்தவர்களுக்கும் 34 விழுக்காடு கூடியது. பழுத்த அனுபவசாலிகளுக்குப் பெரிய மாற்றம் இல்லை. 1887-இல் பேட்டர்சன் கையேட்டில் செய்ய முயன்றதை இயந்திரம் உயிரோட்டத்தோடு செய்து காட்டியது.

இன்னொரு செய்தியும் அந்த ஆய்வில் இருக்கிறது. இயந்திரம் பழுதாகி நின்ற நேரங்களிலும், அதோடு பழகியவர்கள் முன்பைவிட நன்றாகவே வேலை செய்தார்கள். அதாவது, இயந்திரம் சொன்னதைப் பார்த்து எழுதியதோடு நிற்கவில்லை, கற்றுக்கொண்டுவிட்டார்கள். ஊன்றுகோல் பிடித்தவர் கோல் இல்லாமலும் நடக்கத் தொடங்கினார் என்று வைத்துக்கொள்ளலாம்.

விற்பனையைப் பற்றியே நேராக ஆராய்ந்தது, லுவோ, சின், ஃபாங், சூ ஆகியோர் 2021-இல் வெளியிட்ட ஆய்வு. தொலைபேசி விற்பனையாளர்களுக்கு இயந்திரம் பயிற்சியாளராக இருந்தால் என்ன ஆகும் என்று பார்த்தார்கள். நடுத்தரத் திறமை உடையவர்களே அதிகம் முன்னேறினார்கள். கடைசி வரிசையில் இருந்தவர்கள் இயந்திரம் அள்ளிக் கொட்டிய குறைகளைத் தாங்க முடியாமல் தடுமாறினார்கள். முதல் வரிசையில் இருந்தவர்கள் "இது என்ன எனக்குச் சொல்வது" என்று ஒதுக்கினார்கள். தீர்வும் கண்டார்கள். குறைகளின் எண்ணிக்கையைக் குறைத்துச் சொன்னபோது கடைசி வரிசையினர் முன்னேறினார்கள். இயந்திரத்தோடு மனிதப் பயிற்சியாளரும் சேர்ந்தபோது பலன் கூடியது.

இந்த இரண்டு ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்தால் சிறு வியாபாரிக்கு ஒரு பாடம் கிடைக்கிறது. இயந்திரத்திடம் "என் பேச்சு எப்படி?" என்று கேட்காதீர்கள். அது பாராட்டத் தொடங்கிவிடும். அளவுக்கு மீறிப் புகழ்கிறது என்ற புகாரால் 2025 ஏப்ரலில் சாட்ஜிபிடியின் ஒரு புதுப்பதிப்பையே அதன் நிறுவனம் திரும்பப் பெற நேர்ந்தது! "இந்த உரையாடலில் வாடிக்கையாளர் சொன்ன எதை நான் கவனிக்கவில்லை? ஒன்றே ஒன்று சொல்" என்று கேளுங்கள். ஒரு நாளைக்கு ஒரு குறை. அதைத் திருத்திய பிறகு அடுத்தது.

ஒரு சேலை, இரண்டு உரையாடல்

எடுத்துக்காட்டாக, சேலை விற்கும் ஒருவருக்கு இப்படி ஒரு செய்தி வருகிறது என்று வைத்துக்கொள்வோம்.

"அக்கா, 20-ஆம் தேதி தங்கச்சி கல்யாணம். இந்த மெரூன் சேலை இருக்கா?"

"இருக்கும்மா. 180 வெள்ளி. பேங்க் நம்பர் அனுப்பவா?"

"பார்த்துட்டு சொல்றேன்க்கா."

அதோடு முடிந்தது. விற்றவர் என்ன நினைப்பார்? "விலை அதிகம் என்று போய்விட்டார்கள்; அடுத்த முறை குறைக்க வேண்டும்." குறைத்தால் நட்டம்.

இதே உரையாடலைப் பெயரும் எண்ணும் நீக்கி இயந்திரத்திடம் காட்டி, மேலே சொன்னபடி கேட்டால், அது சுட்டிக்காட்டக்கூடிய குறை வேறு. வாங்க வந்தவர் முதலில் சொன்னது நிறத்தை அல்ல, தேதியை. அந்தத் தேதிக்குப் பதிலே இல்லை. சேலை எப்போது கையில் கிடைக்கும், ரவிக்கை தைக்க நாள் இருக்குமா என்பதுதான் அவருடைய கவலை. விற்றவரோ நேராக வங்கிக் கணக்குக்குப் போய்விட்டார். ராக்கம் சொன்ன அதே நோய்: கேள்வி கேட்பதற்கு முன் முடிக்கப் பார்ப்பது.

அடுத்த முறை இப்படி எழுதலாம். "இருக்கும்மா. தபால் செலவோடு 180 வெள்ளி. தங்கச்சி கல்யாணமா, சந்தோஷம்! ரவிக்கை தைக்கக் கொடுக்கணுமா, ரெடியா இருக்கா? தைக்கணும்னா நாளைக்கே அனுப்பிடறேன்." ஒரு வெள்ளிகூடக் குறைக்கவில்லை. ஆனால் கேட்டவருடைய கவலை தீர்ந்தது. அவர் வாங்கலாம், வாங்காமலும் போகலாம். ஆனால் அந்த அக்கா கவனித்துப் பேசுகிறவர் என்பது மட்டும் நினைவில் நிற்கும்.

தீட்டிய கத்தி எதையும் வெட்டும்

இனி மறுபக்கம். இதே இயந்திரத்திடம் "எப்படியாவது விற்பனை நடக்க வேண்டும்" என்று கேட்டால் என்ன சொல்லும்? "இரண்டே சேலைதான் மிச்சம், இன்று மட்டும் இந்த விலை என்று எழுதுங்கள்" என்று யோசனை சொல்லலாம். அலமாரியில் 14 சேலை இருப்பது அதற்குத் தெரியாது. தெரிய வேண்டும் என்ற அவசியமும் அதற்கு இல்லை. பொய்யான தகவல் சொல்லி விற்பது மலேசியாவின் 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சட்டம் இருக்கட்டும். ஒரே தோட்டத்திலிருந்து வந்த பத்துக் குடும்பங்களுக்குள் விற்கிறவர் ஒரு முறை பொய் சொல்லி மாட்டினால், அந்தச் செய்தி எத்தனை புலனக் குழுக்களில் போகும் என்று எண்ணிப் பாருங்கள்!

சொல்வன்மையும் நடுவுநிலையும் சேர்ந்தே இருக்க வேண்டும் என்று முன்னோர் நினைத்தது இதற்காகத்தான். கிட்டங்கிப் பெரியவர் பையனுக்குப் பேச்சை மட்டும் சொல்லிக்கொடுக்கவில்லை. பேச்சின் எல்லையையும் சொல்லிக்கொடுத்தார். ஏனென்றால் கிட்டங்கியின் பெயர் அவருடைய பெயர். இயந்திரத்துக்குக் காப்பாற்ற வேண்டிய பெயர் எதுவும் அந்த ஊரில் இல்லை. எல்லையை விற்பவரே வகுத்துத் தர வேண்டும். "உண்மையல்லாத எதையும் எழுதச் சொல்லாதே" என்று ஒரு வரி சேர்த்துக் கேட்பது பெரிய காரியம் அல்ல.

இரண்டாவது, மொழி. மலேசியத் தமிழர் தனிச்செய்தியில் எழுதுவது எந்த மொழி? தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றும் ரோமன் எழுத்தில் கைகோத்து வரும். "அக்கா, சேலை ஸ்டாக் இருக்கா, எசோக் போலே போஸ் ஆ?" என்பது இங்கே சாதாரண வாக்கியம். நாளைக்கே அனுப்ப முடியுமா என்று கேட்கிறார்கள். ஆங்கிலத்தையே அதிகம் படித்து வளர்ந்த இயந்திரம் இதன் சொற்பொருளைப் பிடித்தாலும் உட்பொருளைத் தவறவிடலாம். "பார்த்துட்டு சொல்றேன்" என்பதை ஆர்வத்தின் அடையாளமாக அது எண்ணக்கூடும். தமிழ் வீட்டில் பிறந்த எவருக்கும் தெரியும், முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்லக் கூசுகிறவர் சொல்லும் மரியாதையான "இல்லை" அது! அதைப் புரியாமல் மறுநாளும் மறுநாளும் நினைவூட்டல் அனுப்பினால் வாடிக்கையாளர் போய்விடுவார். மலாய் மொழிக்கென்று ஒய்.டி.எல். நிறுவனமும் மலாயாப் பல்கலைக்கழகமும் சேர்ந்து உருவாக்கிய 'இல்மு' 2025 ஆகஸ்டில் வெளிவந்தது. தோட்டத் தமிழின் நுட்பம் இயந்திரத்துக்குத் தெரிய வேண்டுமானால் அதைச் சொல்லித்தர வேண்டியவர்கள் வேறு யாரும் அல்லர்.

மூன்றாவது, அந்தரங்கம். புலனத்தில் 2016 முதல் செய்திகள் இருமுனையிலும் பூட்டப்பட்டுச் செல்கின்றன. அனுப்புநரையும் பெறுநரையும் தவிர வேறு எவரும் படிக்க முடியாது. ஆனால் விற்பவரே அந்த உரையாடலை நகலெடுத்து இயந்திரத்திடம் ஒட்டினால், பூட்டைத் திறந்து கொடுத்தது போலத்தான். வாடிக்கையாளரின் பெயர், முகவரி, தொலைபேசி எண், சில சமயம் குடும்பக் கதையும் அதில் இருக்கும். வணிகத்தில் வரும் தனிநபர் தகவல்களைக் காக்கும் மலேசியச் சட்டம் 2010-இல் நிறைவேறி 2013 நவம்பரில் அமலுக்கு வந்தது. 2024-இல் திருத்தப்பட்டு, அதன் கோட்பாடுகளை மீறுவோருக்கான உச்ச அபராதம் 3 லட்சம் வெள்ளியிலிருந்து 10 லட்சம் வெள்ளியாக உயர்ந்தது. பெயரையும் எண்ணையும் முகவரியையும் நீக்கிவிட்டுப் பேச்சை மட்டும் காட்டுவது கடினமல்ல. 555 புத்தகத்தை அடுத்த வீட்டுக்காரரிடம் விரித்துக் காட்டாத கடைக்காரரின் நாகரிகம்தான் அது.

யாருடைய வித்தை?

இன்னும் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. திறமைசாலியின் பேச்சைப் படித்துத்தான் இயந்திரம் புதியவருக்குக் கற்றுத் தருகிறது. அப்படியானால் அந்தத் திறமைசாலிக்கு என்ன கிடைக்கிறது? பல ஆண்டுகள் பட்டுக் கற்ற வித்தை, கூலி இல்லாமல் எல்லோருக்கும் பங்கு போகிறதே என்று அவர் கேட்டால் அதில் நியாயம் இல்லாமல் இல்லை. மேலே சொன்ன 2023-ஆம் ஆண்டு ஆய்வை எழுதியவர்களே இந்தக் கேள்வியை எழுப்பியிருக்கிறார்கள். பேட்டர்சனின் கையேடு பிறந்த நாளிலிருந்து தீராத வழக்கு இது.

தோட்டப்புறத்தில் இருந்து வந்தவர்களுக்கு இந்த வழக்கு புரியாமல் போகாது. காட்டை அழித்தவர்கள், கன்று நட்டவர்கள், பால் எடுத்தவர்கள் அவர்கள். நிலம் கைமாறியபோது கணக்கில் அவர்கள் பெயர் இல்லை. ரப்பர் போய்ச் செம்பனை வந்தபோதும் அப்படித்தான். செம்பனை போய்த் தரவு மையம் வரும்போதும் அப்படியே ஆகிவிடக் கூடாது என்ற கவலை நியாயமானது. இந்தக் கட்டடங்களுக்குள் காவல் வேலையும் துப்புரவு வேலையும் மட்டும்தான் நமக்கா? உள்ளே ஓடும் இயந்திரத்தை இயக்குகிறவர்களாகவும், பயன்படுத்துகிறவர்களாகவும், கேள்வி கேட்கிறவர்களாகவும் அந்தக் குடும்பத்துப் பிள்ளைகள் வர வேண்டாமா?

அதற்குப் பெரிய முதலீடு தேவையில்லை. சேலை விற்கும் அம்மா அன்றைக்கு நழுவிப்போன ஓர் உரையாடலை எடுக்கலாம். பள்ளி முடிந்து வந்த மகளோ மகனோ பக்கத்தில் உட்கார்ந்து, பெயரை நீக்கி, இயந்திரத்திடம் ஒரே ஒரு குறையைக் கேட்டுப் படித்துக் காட்டலாம். அது சொல்வது சரியா, நம் ஆட்களிடம் எடுபடுமா என்று அம்மா முடிவு செய்யலாம். இயந்திரமும் மனிதரும் சேரும்போது பலன் கூடும் என்று ஆய்வு சொன்னது இதைத்தான். நகரத்தார் கிட்டங்கியில் பெரியவர் பேச, பையன் கேட்டான். இந்த வீட்டில் பிள்ளை படிக்க, அம்மா கேட்கிறார். இடம் மாறியிருக்கிறது, பக்கத்தில் உட்கார்ந்து கேட்கும் அந்தக் காது மாறவில்லை.

செடெனாக்கின் கூடங்களில் கணினிகள் ஓடிக்கொண்டே இருக்கும். கைப்பேசியில் கேட்ட கேள்விக்குப் பதில் அங்கிருந்து வருகிறதா, வேறு எந்த நாட்டுக் கூடத்திலிருந்து வருகிறதா என்பது கேட்டவருக்குத் தெரியப்போவதில்லை. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. வாங்க வந்தவர் என்ன சொன்னார் என்பதைக் காது கொடுத்துக் கேட்டோமா, உண்மையைச் சொல்லி விற்றோமா என்பது மட்டும் தெரிந்தால் போதும். சைக்கிளில் துணி மூட்டையோடு லயத்துக்கு வந்த வியாபாரி பிழைத்ததும் அதனால்தான். கைப்பேசியில் விற்கும் அக்கா பிழைக்கப் போவதும் அதனால்தான்.